வண்டியில் வரும் வீட்டுக்கு யார் பொறுப்பு?

வள்ளியூருக்குப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார். இவர் இரண்டு பிள்ளைகளோடும் மாமியாரோடும் ஊரில் இருக்கிறார். குடியிருந்த பழைய ஓட்டு வீடு 2023 டிசம்பர் மழையில் சுவர் ஊறிச் சாய்ந்துவிட்டது. மாமியார் பெயரில் ஊருக்குள்ளேயே 5 சென்ட் நத்தம் மனை இருக்கிறது. கொத்தனார் வைத்துக் கட்டினால் கூடவே நின்று பார்க்க ஆள் இல்லை என்பதால், தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பூட்டும் ‘மாடுலர்’ வீடு வாங்கலாம் என்று கணவனும் மனைவியும் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள்.

950 சதுர அடிக்கு மூன்று கொட்டேஷன்கள் வந்திருக்கின்றன. பெங்களூரு நிறுவனம் ஒன்று, திருநெல்வேலி வண்ணார்பேட்டை ஏஜென்ட் மூலமாக, அறைகளை முழுதாகவே செய்து டிரெய்லரில் கொண்டுவந்து இறக்க 18.5 லட்சம் கேட்கிறது. கோயம்புத்தூர் நிறுவனம் மெல்லிய இரும்புச் சட்டகத்தில் பலகைகளைப் பொருத்தும் முறைக்கு 21 லட்சமும், சென்னைப் புறநகர் நிறுவனம் வார்ப்புக் கான்கிரீட் சுவர்களுக்கு 26 லட்சமும் கேட்கின்றன. மாத இறுதிக்குள் கையெழுத்திட்டால் 1 லட்சம் தள்ளுபடி, தையில் பால் காய்ச்சிவிடலாம் என்கிறார் ஏஜென்ட். கையெழுத்தின்போது 40 சதவீதம், வண்டி கிளம்புமுன் 50 சதவீதம், வீடு நின்றபின் 10 சதவீதம் என்பது அவருடைய கணக்கு. அஸ்திவாரத்தை இவர்களே உள்ளூரில் போட்டுத் தர வேண்டும். “10 வருஷ வாரண்டி இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. சான்று இருக்கிறது, ரெரா சட்டமும் இருக்கிறது. ஆனாலும் கணவரின் அண்ணன், டப்பா வீட்டில் காசைக் கொட்டாதே என்கிறார். யாரைத் தேர்ந்தெடுப்பது?” என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவரின் அண்ணன் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. சென்னை பெரும்பாக்கத்தில் மத்திய அரசின் திட்டத்தில் 1,152 வீடுகள் முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பாகங்களைப் பூட்டிக் கட்டப்பட்டு, 2022-இல் திறக்கப்பட்டன. முறையாகக் கணக்கிட்டு, முறையாகப் பூட்டினால் இந்த வகை வீடுகள் உறுதியாக நிற்கும். ஆனால் நுகர்வோர் வழக்குகள் நடத்துகிறவன் என்ற முறையில் ஒன்றை உங்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். இத்தகைய வழக்குகளில் சண்டை பெரும்பாலும் தொழிற்சாலைக்குள் நடந்த வேலையைப் பற்றி எழுவதில்லை. அஸ்திவாரம் போட்டவர் ஒருவர், வீடு செய்தவர் ஒருவர், ஏற்றிவந்தவர் ஒருவர், பூட்டியவர் ஒருவர் என்று ஆகும்போது, ஒருவர் பொறுப்பு முடிந்து அடுத்தவர் பொறுப்பு தொடங்கும் இடத்தில்தான் சண்டை எழுகிறது. ஆகவே மூன்று நிறுவனங்களில் எது மலிவு என்று பார்ப்பதைவிட, இந்த நான்கு வேலைகளுக்கும் ஒரே ஆளாகப் பொறுப்பேற்க எது முன்வருகிறது என்று பாருங்கள்.

நான் நடத்திய ஒரு வழக்கில் நடந்ததைச் சொல்கிறேன். அஸ்திவாரத்தில் ஊன்றிய ஆங்கர் போல்ட்டுகளின் மேல் இரும்புச் சட்டகத்தின் அடித்தகடு உட்கார வேண்டும். தகட்டின் துளைகள் மில்லிமீட்டர் கணக்கில் துளைக்கப்பட்டவை. உள்ளூர்க் கொத்தனாரோ நூல் பிடித்து, தம் வழக்கப்படி அரை இஞ்சு முன்பின்னாக போல்ட்டுகளை ஊன்றியிருந்தார். சட்டகம் வந்து இறங்கியது, துளை பொருந்தவில்லை. கிரேனுக்கு மணிக்கணக்கில் வாடகை ஓடிக்கொண்டிருந்த அவசரத்தில், வந்த ஆட்கள் கேஸ் கட்டர் வைத்துத் துளைகளைப் பெரிதாக வெட்டிப் பூட்டிவிட்டுப் போனார்கள். வெட்டிய இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்து, அடுத்த மழைக்குள் துருப் பிடித்தது. நிறுவனம் “அஸ்திவாரம் தவறு, வாரண்டி செல்லாது” என்றது. கொத்தனார் “எனக்கு யாரும் வரைபடம் தரவில்லை” என்றார். இரண்டுமே உண்மை. இடையில் நின்றவர் வீட்டுக்காரர்தான்.

உங்களுக்கு வந்துள்ள பெங்களூரு கொட்டேஷனில் இதே நிலைமை எழுதியே வைக்கப்பட்டிருக்கிறது. அஸ்திவாரம் உங்கள் பொறுப்பு என்ற வரியை நீக்கி, அஸ்திவாரத்தையும் அவர்களே செய்ய வேண்டும் என்று கேளுங்கள். அதற்கு உடன்படாவிட்டால், குறைந்தபட்சம் மூன்று விஷயங்கள் ஒப்பந்தத்தில் ஏற வேண்டும்: போல்ட்டுகள் அமையும் இடத்துக்கான வரைபடத்தையும், அந்த இடங்களில் துளையிட்ட அச்சுத் தகட்டையும் அவர்களே தர வேண்டும், கான்கிரீட் ஊற்றுமுன் அவர்களுடைய பொறியாளர் நேரில் வந்து அளந்து கையெழுத்திட வேண்டும், அப்படிக் கையெழுத்திட்டபின் அஸ்திவாரத்தைக் காரணம் காட்டி வாரண்டியை மறுக்கக் கூடாது.

நீங்கள் நம்பியிருக்கும் நான்கு விஷயங்கள்

முதலில் ரெரா. 2016-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், மனைப்பிரிவோ அடுக்ககமோ போட்டு விற்கிறவர்களைக் கட்டுப்படுத்துவது. உங்கள் சொந்த மனையில் உங்களுக்காக ஒரு வீடு செய்து தரும் ஒப்பந்தம் அதற்குள் வராது. ஏஜென்ட் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால், பதிவு எண்ணைக் கேளுங்கள்; பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

அடுத்தது ஐ.எஸ்.ஓ. 9001 சான்று. ஒரு நிறுவனம் தன் வேலைமுறைகளை ஒழுங்காக எழுதிவைத்துப் பின்பற்றுகிறது என்பதற்கு அது சான்று. உங்கள் சுவரின் உறுதிக்குச் சான்று அன்று. நீங்கள் கேட்க வேண்டியது, மத்திய வீட்டுவசதி அமைச்சகத்தின் கீழுள்ள பி.எம்.டி.பி.சி. என்ற குழுமம் வழங்கும் செயல்திறன் மதிப்பீட்டுச் சான்று. அதில் எந்த நிறுவனம், எந்தக் கட்டுமான முறை, எந்த நாள் வரை செல்லும் என்பது தெளிவாக இருக்கும். “எங்கள் முறைக்குச் சான்று உண்டு” என்று வேறொரு நிறுவனத்தின் சான்றைக் காட்டுவார்கள். சான்றிலுள்ள பெயரும் ஒப்பந்தத்திலுள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். சான்று இல்லாத நிறுவனம் மோசமானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்போது கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கை இன்னும் கவனமாகச் சரிபார்க்க வேண்டும்.

மூன்றாவது, 10 ஆண்டு வாரண்டி. அது எதற்கு என்று படியுங்கள். பெரும்பாலும் இரும்புச் சட்டகத்துக்கு மட்டுமே நீண்ட வாரண்டி இருக்கும். பலகை இணைப்பு, கூரைக் கசிவு, குளியலறை நீர்த்தடுப்பு ஆகியவற்றுக்கு ஓராண்டுதான் என்று சிறிய எழுத்தில் இருக்கும். வீட்டில் முதலில் பழுதாவதோ இந்த இரண்டாவது பட்டியலில் உள்ளவைதான். பழுது பார்க்க பெங்களூரிலிருந்து ஆள் வரும் செலவு யாருடையது, எத்தனை நாளுக்குள் வருவார்கள் என்பதும் எழுத்தில் வேண்டும்.

நான்காவதாக, “தொழிற்சாலையில் செய்வதால் கட்டட அனுமதி தேவையில்லை” என்று ஏஜென்ட் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது சரியன்று. நிலத்தில் நிலையாக ஊன்றிக் குடியிருக்கும் எந்த வீட்டுக்கும் 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி அனுமதி வேண்டும். 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீடுகளுக்கு, சுயசான்று முறையில் ஒற்றைச் சாளர இணையதளம் வழியாக உடனடியாக அனுமதி பெறும் வசதி இருக்கிறது. உங்கள் 5 சென்ட் 2,178 சதுர அடி; அளவைப் பொறுத்தவரை தடை இல்லை. விண்ணப்பம் மனை உரிமையாளர் பெயரில், அதாவது உங்கள் மாமியார் பெயரில் போக வேண்டும். பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று மூன்றையும் இப்போதே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். மாமியாருக்கு வேறு பிள்ளைகளும் இருப்பதால், 20 லட்சத்தை அந்த மண்ணில் ஊன்றுமுன் மனையை உங்கள் கணவர் பெயருக்குச் செட்டில்மென்ட் செய்வதைப் பற்றிக் குடும்பத்தோடு அமர்ந்து பேசிவிடுவது நல்லது. கணவரின் அண்ணனையும் வைத்துக்கொண்டே பேசுங்கள்.

காற்றும் தெருவும்

உங்கள் வீட்டு வாசலில் நின்றால் காற்றாலைகள் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு வரியைத் தயாரிப்பாளர் ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்றை நம்பித்தான் முப்பந்தலிலும் பணகுடியிலும் ராதாபுரத்திலும் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. செங்கல் வீடு தன் எடையாலேயே காற்றைத் தாங்கிக்கொள்ளும். இரும்புச் சட்டக வீடு எடை குறைந்தது. காற்று கூரையை மேல்நோக்கி இழுக்கும்போது அதைப் பிடித்துவைப்பவை திருகுகளும் ஆங்கர் போல்ட்டுகளும்தான்.

காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, பகுதி 3. அதில் பெங்களூருக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 33 மீட்டர். நமக்கு வடக்கே மதுரைக்கும் மேற்கே திருவனந்தபுரத்துக்கும் 39 மீட்டர். வேகத்தில் வேறுபாடு சிறிதாகத் தெரியலாம். ஆனால் காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது என்பதால், அழுத்தம் சுமார் 40 சதவீதம் கூடுகிறது. கணவாய்க் காற்றுக்கு அதற்கு மேலும் சேர்த்துக் கணக்கிட வேண்டியிருக்கலாம். பெங்களூரில் விற்பதற்காக ஒருமுறை வரைந்த வடிவத்தையே எல்லா ஊர்களுக்கும் அனுப்பும் நிறுவனத்தை இந்தக் கேள்வி காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் ஊர் பெயர் குறிப்பிட்டு, கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்ட கணக்கறிக்கையைக் கேளுங்கள். அதை உள்ளூரில் உங்களுக்கு வேண்டிய ஒரு பொறியாளரிடம் கட்டணம் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் செலவில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

அதே அறிக்கையில் வேறு சில சுமைகளும் இருக்க வேண்டும். 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் ஒரு டன். அதைக் கூரையில் வைப்பதா, தனியாகத் தூண் எழுப்பி வைப்பதா? தொட்டில் கட்டவும் ஊஞ்சல் மாட்டவும் கொக்கி எங்கே வரும்? சுவருக்குள் சட்டம் இல்லாத இடத்தில் ஆணியடித்து கேஸ் அடுப்பு மேடையோ அலமாரியோ மாட்டினால் பலகை பெயர்ந்து வரும். “பிறகு பையனுக்கு மாடி எடுத்துக்கொள்ளலாம்” என்று நீங்கள் எண்ணியிருப்பதும் இப்போதே சொல்லியாக வேண்டியது. மாடிக்கென்று முதலிலேயே கணக்கிடாத சட்டகத்தின்மேல் பின்னால் மாடி வைக்க முடியாது.

மழையையும் மறக்க வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்த மழை, உங்கள் ஊர்க் குளத்தை எந்த மட்டத்துக்கு நிரப்பியது என்பது ஊரில் எல்லோருக்கும் நினைவிருக்கும். தரைமட்டம் அதற்கு மேலே இருக்கட்டும். கீழ்ப்பகுதிச் சுவருக்கு ஜிப்சம் பலகை வேண்டாம், சிமென்ட் நார்ப் பலகையே வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். இரும்பின் துத்தநாகப் பூச்சு சதுர மீட்டருக்கு 275 கிராம் தரமா என்பதையும் கொட்டேஷனில் குறிப்பிடச் சொல்லுங்கள். உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் என்றால் இதில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

இனித் தெரு. உங்கள் தெரு 12 அடி, தேரடி முக்கில் ஒரு திருப்பம் என்கிறீர்கள். மோட்டார் வாகன விதிகளின்படி வண்டியின் அகலம் பொதுவாக 2.6 மீட்டருக்குள், அதாவது எட்டரை அடிக்குள் இருக்க வேண்டும்; அதை மீறும் சுமைக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். ஆகவே முழு அறையாக வரும் பெட்டி ஏறத்தாழ 8 அடி அகலத்தில்தான் இருக்கும். பெரிய அறை வேண்டுமென்றால் இரண்டு பெட்டிகளைச் சேர்க்க வேண்டும், அந்தச் சேர்ப்பில்தான் மழைநீர் இறங்கும். அதற்கும் முன்னால், டிரெய்லர் தேரடியில் திரும்புமா, மின்கம்பி தாழ்ந்திருக்கிறதா, கிரேன் ஊன்ற கெட்டித்தரை இருக்கிறதா என்பதெல்லாம் இருக்கின்றன. பெங்களூரிலிருந்து யாரும் வந்து உங்கள் தெருவைப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தெருவைப் பார்க்காமல் விலை சொன்னவர், வண்டி நுழையாதபோது கூடுதல் செலவை உங்களிடம்தான் கேட்பார்.

பணம் எப்போது யார் கையில்

90 சதவீதப் பணம் போனபின்பும் உங்கள் மனையில் ஒரு ஆணிகூட இருக்காது என்பதே ஏஜென்ட் சொன்ன தவணைப் பட்டியலின் பொருள். அதற்குள் நிறுவனம் நொடித்துப்போனால் உங்கள் நிலை என்ன? அடுக்ககம் வாங்கியவர்களுக்குத் திவால் சட்டத்தில் இருக்கும் தனி இடம் உங்களுக்கு இல்லை. தனியொருவராக அந்தச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை தொடங்கவும் முடியாது. நிலுவை 1 கோடியாவது இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தொழிற்சாலைகள் தம் சரக்கிருப்பு முழுவதையும் வங்கிக்கு ஈடாகக் காட்டிக் கடன் வாங்கியிருப்பது வழக்கம். உங்கள் காசில் செய்த சுவரும், தொழிற்சாலையில் கிடக்கும்வரை, அந்த ஈட்டுக்குள் வரக்கூடும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தட்டினால், எந்த ஆண்டில் தொடங்கியது, ஆண்டறிக்கைகளை ஒழுங்காகத் தாக்கல் செய்கிறதா, அதன்மேல் எந்த வங்கியின் ஈட்டுப் பதிவு இருக்கிறது என்பவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். மூன்று நிறுவனங்களுக்கும் இதை இன்றே செய்யுங்கள்.

“கட்டிய பணத்தின் அளவுக்குச் செய்த பாகங்கள் எனக்கே உரிமை, என் பெயர் எழுதித் தனியாக அடுக்கிவைக்க வேண்டும்” என்று ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்வேன். ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, வேறுவிதமாக எழுதாவிட்டால், உரிமை கைமாறும்போது சேத அபாயமும் கூடவே கைமாறிவிடும். வழியில் வண்டி கவிழ்ந்தால் நட்டம் உங்களுடையதாகிவிடும். எனவே, “உரிமை எனக்கு, வீட்டைப் பூட்டி ஒப்படைக்கும்வரை சேதத்துக்குப் பொறுப்பு நிறுவனம், வழிப்பயணத்துக்கும் பூட்டும் வேலைக்கும் நிறுவனம் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும்” என்று மூன்றையும் சேர்த்தே எழுத வேண்டும்.

தவணையை இப்படிக் கேட்டுப் பாருங்கள்: கையெழுத்துக்கு 10 சதவீதம், உங்கள் பொறியாளர் தொழிற்சாலையில் போய்ப் பார்த்தபின் 30, பாகங்கள் மனையில் இறங்கியபின் 30, பூட்டி முடித்ததும் 20, ஒரு வடகிழக்குப் பருவமழை கடந்தபின் மீதி 10. இதை அப்படியே எந்த நிறுவனமும் ஏற்காது. எவ்வளவு தூரம் இறங்கிவருகிறது என்பதிலிருந்து அதன் கைவலிமை உங்களுக்குப் புரிந்துவிடும். வங்கிக் கடன் வாங்குவதாக இருந்தால், மனையில் தெரியும் வேலையைப் பார்த்துத்தான் பொதுவாகத் தவணை விடுவிப்பார்கள். தொழிற்சாலையில் கிடக்கும் சுவருக்குப் பணம் தருவார்களா என்று மேலாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

பணம் நிறுவனத்தின் கணக்குக்கே போக வேண்டும். வண்ணார்பேட்டை ஏஜென்டின் கணக்குக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதும் நிறுவனத்தின் அதிகாரம் பெற்றவராகவே இருக்கட்டும். உங்கள் தரப்பில் கணவரும் நீங்களும் சேர்ந்தே ஒப்பந்தக்காரர்களாக இருங்கள். கணவர் வெளிநாட்டில் இருக்கையில், புகார் என்று வந்தால் ஓட வேண்டியவர் நீங்கள்தான்.

சண்டை வந்தால்

“வழக்கென்றால் பெங்களூரு நீதிமன்றம்தான்” என்ற வரியைப் பார்த்து அஞ்சியிருக்கிறீர்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தர வழிசெய்கிறது. இத்தகைய நிபந்தனையை நுகர்வோர் ஆணையங்கள் பொதுவாகத் தடையாகக் கொள்வதில்லை. தகராறு வந்தால் நடுவர் தீர்ப்பாயத்துக்கே போக வேண்டும் என்ற நிபந்தனை இருந்தாலும் ஆணையத்தை அணுகலாம் என்பதை எம்மார் எம்.ஜி.எஃப். என்ற கட்டுமான நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதிசெய்துவிட்டது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் திருநெல்வேலி மாவட்ட ஆணையமே விசாரிக்கும். உங்களுக்கு வந்திருக்கும் மூன்று விலைகளில் எதுவானாலும் புகார்க் கட்டணம் 1,000 ரூபாயைத் தாண்டாது. குறை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஆனால் நொடித்த நிறுவனத்துக்கு எதிராக வென்ற தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் அலையும் கட்சிக்காரர்களை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் மேலே இவ்வளவு கேள்விகளைக் கேட்கச் சொன்னேன்.

இனி உங்கள் நேர்க் கேள்விக்கு வருகிறேன். கான்கிரீட் பாகங்கள் டன் கணக்கில் எடையுள்ளவை. பெரும்பாக்கம் போல ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கில் கட்டும்போது பலன் தரும் முறையை, ஒற்றை வீட்டுக்காகச் சென்னையிலிருந்து ஏற்றி, பெரிய கிரேன் வைத்து, 12 அடித் தெருவில் இறக்குவது உங்களுக்கு ஏற்றதாகத் தெரியவில்லை. பெங்களூருப் பெட்டிமுறையைத் தெருவே தடுக்கிறது. அந்தத் தவணை நிபந்தனையை நான் எந்தக் கட்சிக்காரருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மூன்றில் கோயம்புத்தூர் நிறுவனத்தோடு பேச்சைத் தொடருங்கள். அதன் சட்டங்களும் பலகைகளும் சாதாரண லாரியில் வந்து கையால் இறக்கக்கூடியவை. அஸ்திவாரம் முதல் ஒப்படைப்பு வரை அவர்களே பொறுப்பு என்று எழுதித் தருவார்களா, காற்றுக் கணக்கு உங்கள் ஊருக்குச் செய்யப்பட்டதா என்ற இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் மட்டும் மேலே போங்கள். இல்லையென்றால் பொறியாளர் மேற்பார்வையோடு செங்கல்லிலேயே கட்டுங்கள். அதில் குறைவொன்றும் இல்லை.

கையெழுத்துக்கு முன், அவர்கள் கட்டி இரண்டு மழைக்காலமாவது கடந்த ஒரு வீட்டை நேரில் போய்ப் பாருங்கள். காட்சிக்கு வைத்திருக்கும் மாதிரி வீடு போதாது. அங்கே குடியிருக்கும் பெண்களிடம் குளியலறைச் சுவரின் கீழ்விளிம்பு, சன்னல் மூலை, நண்பகலில் கூரைக்குக் கீழ் வெக்கை ஆகியவற்றைக் கேளுங்கள். விற்பனையாளரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். தையில் பால் காய்ச்ச முடியாமல் போனால் சித்திரையிலோ ஆவணியிலோ காய்ச்சிக்கொள்ளலாம். மாத இறுதித் தள்ளுபடி பற்றி ஏஜென்ட் மறுபடி அழைத்தால், ஒப்பந்த நகலை முழுதாகத் தமிழிலோ ஆங்கிலத்திலோ அனுப்பச் சொல்லுங்கள். அதை ஒரு வழக்கறிஞரும் ஒரு பொறியாளரும் படித்து முடிக்கும்வரை முன்பணம் எதுவும் அனுப்ப வேண்டாம்.